எல்லாருக்கும் ஓம் சொன்ன போதகர்

எனக்கு அவரைப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி நல்லதாக நாலு சொல் சொல் என்று கேட்டால் அந்த நாலையும் சொல்வேன். பிறகு ஐந்தாவதாக இதையும் சொல்வேன்.

ஒடென்சேயில் எங்கள் தமிழ்ச் சபைக்கு அவர் போதகராக இருந்தார். கட்டையான ஆள். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. டென்மார்க் காற்றில் சைக்கிள் ஓடி வந்து இறங்கினாலும் ஒரு மயிர் கலைந்திருக்காது. நாங்கள் ஒன்றைச் சொல்லத் தொடங்கினவுடன் அவருடைய தலை ஒரு பக்கம் சாயும். சொல்லி முடிக்கமுன்னம், ஆமாம் என்பதற்கு நாங்கள் சொல்லுகிற "ஓம்" வந்துவிடும். "ஓமோம், ஓம்" என்று மெல்ல, மூக்கால் பாதியும் வாயால் பாதியுமாக அவர் சொல்லும்போது கேட்கிறவருக்கு நெஞ்சு குளிரும். என் அம்மா சொல்லுவா, "அந்த மனுசன் ஓம் எண்டு சொன்னா அரைவாசி வருத்தம் போயிடும்."

எங்களுக்கென்று சொந்தமாகக் கோயில் கிடையாது. டெனிஷ் ஆட்கள் தங்களுடைய தேவாலயத்தை ஞாயிறு பின்னேரங்களில் தருவார்கள். இடப்பக்க வாங்குகளில் யாழ்ப்பாணத்துப் பழைய மிஷன் சபைகளில் இருந்து வந்த நாங்கள் இருப்போம். எங்களுக்குப் பாட்டுப் புத்தகம் வேண்டும், அச்சடித்த ஜெபம் வேண்டும், குழந்தைக்குத் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம் வேண்டும். வலப்பக்கத்தில் பெந்தெகொஸ்தே சபைகளில் இருந்து வந்தவர்கள். அவர்களுக்குக் கிட்டார் வேண்டும், கைதட்டு வேண்டும், வளர்ந்த ஆளைத் தண்ணீருக்குள் முக்கி எடுக்க வேண்டும். நாங்கள் அவரைப் "போதகர்" என்போம். அவர்கள் "பாஸ்டர்" என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். கறுப்பு அங்கி போடுவார், வெள்ளைக் கழுத்துப்பட்டி போடமாட்டார். அங்கி எங்களுக்காக. பட்டி இல்லாதது அவர்களுக்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தியின் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தார். அடுத்த கிழமை கெர்ட்டமின்டெ கடற்கரையில் அந்தக் குழந்தையின் சித்தப்பனைக் கடலுக்குள் இறக்கி முக்கினார். முக்குவதற்கு முன்னர் ஒரு சின்னப் பிரசங்கம் வைத்தார். "அறியாத வயசில தெளிக்கிறது வெறும் தண்ணி. அறிஞ்ச வயசில இறங்கிறதுதான் ஞானஸ்நானம்." கரையில் அந்தப் பெண் குழந்தையோடு நின்றாள். எல்லாரும் துவாய்களை மடித்துக்கொண்டிருந்தபோது நேரே போய்க் கேட்டாள்.

"அப்ப போன கிழமை என்ர பிள்ளைக்குச் செய்தது என்ன போதகர்?"

"அதுவும் சரி தங்கச்சி."

"இண்டைக்குச் சொன்னது?"

"ஓம், இதுவும் சரி."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் சிரித்தோம். அப்போது அது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

வீடுகளில் வேதபாடம் நடத்துகிற நாட்களில் அவர் விருப்பத்தோடு சொல்லுகிற கதை ஒன்று உண்டு. நானூறு வருசத்துக்குக் கொஞ்சம் குறைய முந்தின இங்கிலாந்து. ராசாவும் பாராளுமன்றமும் சண்டை. ராசாவின் ஆட்கள் ஊருக்குள் வந்தால் ஒரு ஜெபப் புத்தகம். பாராளுமன்றத்தின் ஆட்கள் வந்தால் அந்தப் புத்தகத்துக்குத் தடை. பீடம் இருந்த இடத்தைக்கூட மாற்றச் சொல்லுவார்களாம். ஊர்க் குருமாரில் சிலர் மாட்டோம் என்று நின்று, பெண்சாதி பிள்ளைகளோடு தெருவுக்கு வந்தார்கள். சிலர் வந்தவன் சொன்னதைச் செய்து, அதே வீட்டில், அதே தோட்டத்தில், அதே சனத்துக்குக் கலியாணமும் சாவுச் சடங்கும் செய்துகொண்டு கடைசிவரை இருந்தார்கள். குருமடத்தில் படித்த காலத்தில் இதை வாசித்தாராம்.

"இப்ப சொல்லுங்கோ, ஆடுகளை விட்டிட்டுப் போனவன் நல்ல மேய்ப்பனோ, இருந்தவன் நல்ல மேய்ப்பனோ?" என்று கேட்பார். நாங்கள் இருந்தவன்தான் என்போம். தலை சாயும். "ஓமோம், ஓம்."

அந்த நல்ல நாலு சொல்லையும் இங்கே சொல்லிவிட வேண்டும். என் கணவர் வேலைத்தலத்தில் ஏணியில் இருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாரிக்குளிரில், போதகர் ஒவ்வொரு நாளும் பனிக்குள்ளால் சைக்கிளில் வந்தார். கட்டிலடியில் இருந்து தோடம்பழம் உரித்து, வெள்ளை நார் எல்லாம் கழற்றி, சுளை சுளையாகக் கொடுத்தார். என் கணவர் கோபக்காரர். கடவுளையே திட்டினார். அதற்கும் போதகர் "ஓம் தம்பி" என்றார். அப்படி ஒருவரை முழுதாக வெறுக்கவும் ஏலாது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

பிறகு இரண்டாயிரத்து ஒன்பதாம் வருசம் வந்தது. வன்னியில் சனம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடலோரம்வரை போய்விட்டது. இங்கே எங்களுடைய வீடுகளில் தொலைக்காட்சி அணைவதே இல்லை. வேலைக்குப் போகிற வழியிலும் காதில் போன். என் தம்பியும் அங்கேதான் இருந்தான். கிளிநொச்சியில் தண்ணீர்ப் பம்புகள் திருத்துகிறவன். கலியாணம் கட்டவில்லை. சண்டை தொடங்கினதும் வெளியே வா என்று எத்தனையோ தரம் சொன்னோம். "எல்லாரும் வெளிக்கிட்டா ஆர் அக்கா பம்ப் பாக்கிறது" என்பான். அவனை விட்டு வந்த அம்மா என்னோடு டென்மார்க்கில் மனமில்லாமல் இருந்தா. அவன் இங்கே வந்து சேர்ந்தால்தான் தனக்கு நிம்மதி என்று ஒவ்வொரு வருசமும் சொல்லுவா.

அந்த மாதங்களில் சபைக்குள் ஒரு பிரச்சினை வந்தது. ஒருவர், புலிகள் இயக்கத்தில் தம்பி இருக்கிறவர், போதகரிடம் போய், "எங்கட பெடியளின்ர வெற்றிக்காகப் பெலத்து ஜெபிக்கவேணும்" என்றார். இன்னொருவர், தகப்பனை இயக்கம் சுட்டுக் கொன்றவர், "அவங்கட பேர் இந்தக் கோயிலுக்க வந்தா நான் எழும்பிப் போயிடுவன்" என்றார். இரண்டு பேருக்கும் ஓம். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். போதகர் கண்ணை மூடி, "போராடிக்கொண்டிருக்கிற எல்லாரையும் நினைத்தருளும் ஆண்டவரே" என்றார். முதலாமவர் தேம்பி அழுதார். இரண்டாமவரின் மனைவி அப்போது புற்றுநோயோடு போராடிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தா. அவரும் அழுதார். வாசலில் இரண்டு பேரும் போதகரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்கள். கெட்டிக்காரன் என்றுதான் நானும் நினைத்தேன்.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கழித்து, சனத்தை அடைத்து வைத்திருந்த முகாமுக்குள் இருந்து ஒரு பள்ளிக்கூட ரீச்சர் எனக்குப் போன் எடுத்தா. யாரோ ஒளித்து வைத்திருந்த போனில் இருந்து, குரலைத் தாழ்த்திக் கதைத்தா. என் தம்பியோடு கடைசியில் ஒரே பங்கருக்குள் இருந்தவவாம்.

"அக்கா, அவர் தண்ணி எடுக்க வெளியில போனவர். செல் விழுந்து வெடிச்சது. நானும் இன்னும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் கிடங்கு கிண்டித் தாட்டனாங்கள். இடம் சொல்லத் தெரியேல்லை அக்கா. ஒரு பூவரச மரம் நிண்டது, அதுவும் பிறகு எரிஞ்சிருக்கும்."

அவன் உடுத்தியிருந்த சேர்ட் எது என்று கேட்டேன். சொன்னா. நான் அனுப்பின சேர்ட்.

நான் வேலை செய்வது முதியோர் இல்லத்தில். சாவு எனக்குப் புதிதில்லை; பிள்ளைகளுக்குப் போன் எடுத்து, உங்கள் தகப்பன் போய்விட்டார் என்று டெனிஷில் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். என் அம்மாவுக்கு அதைத் தமிழில் சொல்ல வாய் வரவில்லை. சொல்லத் தொடங்கினால் அம்மா கையை நீட்டித் தடுத்துவிடுவா. "அவன் எங்கையோ முகாமில இருக்கிறான். விசர்க்கதை கதையாதை." ஆகவே போதகரிடம் போனேன். ரீச்சர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதேன். தலை சாய்ந்தபடியே கேட்டார்.

"நீங்கள் சொன்னா அம்மா நம்புவா. வந்து சொல்லுறியளோ போதகர்?"

"ஓம் தங்கச்சி. இது என்ர கடமை. நான் சொல்லுறன்."

வந்தார். அம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று, அம்மாவின் அழுகைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். கேட்டது சிரிப்பு. மாதக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. கதவு திறந்தது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "போதகர் ஐயாவுக்குத் தேத்தண்ணி போடு பிள்ளை, சீனி கூடப் போடு" என்றா.

அவரைப் படிக்கட்டில் பிடித்தேன்.

"என்ன சொன்னீங்கள்?"

"அம்மா கேட்டவ தங்கச்சி, மகன் உயிரோட இருக்கிறான்தானே எண்டு. கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ."

"நீங்கள்?"

தலை சாய்ந்தது. ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறார் என்று விளங்கியது.

"அவன் செத்திட்டான் போதகர். அம்மாவுக்குத் தெரியவேணும். அவனுக்கு ஒரு நினைவு ஆராதனை வைக்கவேணும். இப்பிடி விடேலாது."

"ஓம் தங்கச்சி, நீங்கள் சொல்லுறதுதான் சரி. வாற கிழமைக்கு அடுத்த ஞாயிறு வைப்பம். அதுக்கு முன்னம் நான் அம்மாவோட ஆறுதலாக் கதைக்கிறன். நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ, புண்ணைக் கிண்டினமாதிரிப் போயிடும்."

அடுத்தடுத்த நாட்களில் இரண்டு தரம் வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம் வாசலில் மெல்லமாக, "சொல்லிட்டன் தங்கச்சி. அம்மா ஏற்றுக்கொண்டிட்டா. ஞாயிறுக்குச் சம்மதம்" என்றார்.

அந்த நாட்களில் ஒரு தரம் அவருடைய வீட்டுக்குப் போன் எடுத்தேன். மனைவிதான் எடுத்தா. அதிகம் கதைக்காத பெண். நான் நன்றி சொல்லுகிற மாதிரி, "போதகர் எது கேட்டாலும் ஓம் எண்டுதானே சொல்லுவார், எங்களுக்கு அது பெரிய ஆறுதல்" என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "வீட்டில அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை அக்கா" என்றா. உடனேயே, "வந்ததும் எடுக்கச் சொல்லுறன்" என்று போனை வைத்துவிட்டா.

சனிக்கிழமை அம்மா குசினிக்குள் நின்று பயத்தம் பணியாரம் சுட்டா. நினைவு ஆராதனைக்குப் பிறகு வந்த சனத்துக்குத் தேத்தண்ணியோடு ஏதாவது கொடுக்கவேண்டும்தானே. அம்மா தானாகவே செய்கிறா என்று பார்த்து நானும் குசினிக்குள் வந்தேன். மாவைக் கரைத்தபடி பாட்டும் பாடினா. என்ன மனத்தைரியம் என்று நினைத்தேன். போதகர் சொன்னபடி ஒன்றும் கதைக்காமல் பக்கத்தில் நின்று சட்டிக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். தம்பியின் படத்தைச் சட்டத்துக்குள் போட்டு மேசையில் வைத்தபோது அம்மா பார்த்துவிட்டு, "நல்ல படம். வடிவாச் சிரிக்கிறான்" என்றா. அவவுக்கும் போதகர் சொல்லியிருக்கிறார், மகளோடு இதைக் கதையாதேங்கோ, மகள் மனம் உடைஞ்சு போயிருக்கிறா, ஞாயிற்றுக்கிழமை தானாக விளங்கும் என்று. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே சட்டிக்கு முன்னால் நின்று, அம்மா மகன் வரப்போகிறான் என்று பணியாரம் சுட்டா. நான் தம்பி செத்துப்போனான் என்று எண்ணெய் விட்டேன்.

ஞாயிறு மத்தியானம் அம்மா அறைக்குள் இருந்து அரக்குப் பட்டுச்சேலை உடுத்துக்கொண்டு வந்தா. நான் வெள்ளை. ஏன் இந்தச் சேலை என்று கேட்க வாயெடுத்தேன். ஆனால் காரில் கணவரும் மகளும் காத்திருந்தார்கள், ஏறிவிட்டோம். தேவாலய வாசலில் அம்மா ஒரு பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லுவது கேட்டது. "மகன் உயிரோட இருக்கிறான். போதகர் ஐயாவுக்கு ஆண்டவர் காட்டினவர். இண்டைக்கு ஸ்தோத்திர ஆராதனை." அந்தப் பெண் என் வெள்ளைச் சேலையைப் பார்த்தா. நான் போதகரைத் தேடி உள்ளே ஓடினேன். அதற்குள் மணி அடித்து, அவர் அங்கியோடு பீடத்தடிக்கு வந்துவிட்டார்.

முதலில் சங்கீதம். ஆண்டவர் என் மேய்ப்பர். அது சாவுக்கும் பொருந்தும், நன்றிக்கும் பொருந்தும். பிறகு ஜெபம். "உம்முடைய கரத்தில் இருக்கிற எங்கள் சகோதரனுக்காக நன்றி செலுத்துகிறோம் ஆண்டவரே. நீர் அவரைக் கைவிடவில்லை." எங்களுக்குப் பின்னால் சனம் விம்மியது. அம்மா எல்லாருக்கும் மேலாக, "ஆமென்!" என்றா. முகம் மலர்ந்திருந்தது.

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. என் சேலையைப் பிடித்து இழுத்து டெனிஷில் கேட்டாள், "அம்மா, மாமா செத்திட்டார்தானே. ஏன் அம்மம்மா சிரிக்கிறா?"

நான் எழும்பி நின்றேன்.

"போதகர், என்ர தம்பி உயிரோட இருக்கிறானோ, இல்லையோ?"

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவைப் பார்த்தும் சிரித்தார். "கர்த்தருடைய கரத்தில தங்கச்சி..."

"கரத்தைப் பற்றிக் கேக்கேல்லை. உயிரோட இருக்கிறானோ?"

"இரு பிள்ளை. ஜெபத்துக்க என்ன கதை?" என்றா அம்மா.

நான் இருக்கவில்லை. நடைபாதைக்கு வந்து அவருக்கு முன்னால் நடந்தேன். இடப்பக்கம், வலப்பக்கம், எல்லாருடைய கண்ணும் அவரில். அவருடைய தலை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மற்றப் பக்கம் சாய்ந்தது. பிறகு நேரே நின்றது.

"இல்லை" என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தா. நானோ, என் கணவரோ, முகாமில் இருந்து அந்த ரீச்சரோ ஆயிரம் தரம் சொல்லியிருந்தாலும் அம்மா நம்பியிருக்கமாட்டா. அந்த மனிதரின் வாயில் இருந்து அந்தச் சொல் வந்ததை அம்மா அதற்கு முன் கேட்டதே இல்லை. அதனால் நம்பினா. வாங்கில் இருந்தபடியே பட்டுச்சேலை மடிப்பை முழங்காலில் நீவிவிட்டா. பிறகு எழும்பி, "அப்ப அதை வாசியுங்கோ" என்றா.

எதை என்று யாரும் கேட்கவில்லை. போதகர் பழைய புத்தகத்தை எடுத்து அடக்க ஆராதனையை வாசித்தார். மண்ணுக்கு மண், சாம்பலுக்குச் சாம்பல். அம்மா கடைசிவரை நின்றபடியே கேட்டா. முடிந்ததும் பணியாரத் தகரத்தைத் தானே திறந்து ஒவ்வொருவர் கையிலும் வைத்தா. "சாப்பிடுங்கோ. அவனுக்கு விருப்பமான பணியாரம்."

அதற்குப் பிறகு ஊரெல்லாம் ஒரு கதை. போதகர் அன்றைக்குக் காட்டின துணிவைப் பார்த்தீர்களா, ஒரு தாய்க்கு முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்ல எவ்வளவு நெஞ்சு வேண்டும் என்று. எங்கள் பக்கத்திலும் சொன்னார்கள், வலப்பக்கத்திலும் சொன்னார்கள். நான் சொல்லுகிறேன்: அன்றைக்கு அம்மா வாங்கில் இருந்தா, நான் நின்றேன். என் குரல் பெரிது, அம்மாவின் குரல் சின்னது. நான் கிட்ட நின்றேன். அவ்வளவுதான். நான் இருந்து, அம்மா எழும்பி நின்றிருந்தால், என் தம்பி இன்னும் உயிரோடு இருந்திருப்பான்.

அந்தக் கோடையில் கொப்பன்ஹேகனுக்குப் பக்கத்து அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு பிறந்தநாள் வீட்டில், போதகரின் பழைய ஊர்க்காரர் ஒருவரைக் கண்டேன். ஒரு காலை இழுத்து இழுத்து நடப்பவர். எங்கள் சபைக் கதை அவருடைய காதுக்கும் எட்டியிருந்தது. தானாகவே சொன்னார்.

"அங்க ஊரில கோயில் மணி அவரின்ர பொறுப்பு. ஆமி காம்பில இருந்து வெளிக்கிட்டா மணி அடியுங்கோ எண்டு இயக்கம் சொன்னது. மணி அடிச்சா சுடுவம் எண்டு ஆமி சொன்னது. ரெண்டு பேருக்கும் ஓம் எண்டிட்டார். ஒருநாள் விடியப்புறம் ஆமி வெளிக்கிட்டது. மனுசன் கயிறை ஒரேயொருக்கா இழுத்தார். ஒரேயொரு சத்தம். கேட்ட சனம் ஓடித் தப்பிட்டுது. எனக்கும் கேட்டதுதான். காத்துக்கு ஆடியிருக்கும் எண்டிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தன்."

முழங்காலைத் தடவினார்.

"பிழை சொல்லேலாது தங்கச்சி. சுடுற துவக்குக்கு முன்னால ஆர் என்ன செய்யிறது? ஒருக்காவாவது இழுத்தாரே எண்டுதான் ஊரில சொல்லுறவை."

"நீங்கள் என்ன சொல்லுறியள் அண்ணை?"

"நான் என்னத்தைச் சொல்ல? நான் படுத்திருந்தனான்."

வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா படுக்கப் போனா. அடுத்த நாள், "போதகரை ஒருக்கா வரச் சொல்லு" என்றா.

வந்தார். அம்மா வரவேற்பறையில் நேரே இருந்தா. தேத்தண்ணி கேட்கவில்லை. என்னை வெளியே போகவும் சொல்லவில்லை.

"ஐயா, அவன் செத்தாப் பிறகும் நான் அவனுக்குச் சுகம் கேட்டு ஜெபிச்சுக்கொண்டிருந்தனான். அவனுக்கு அழவேண்டிய நாளில பாட்டுப் பாடிப் பணியாரம் சுட்டனான். அந்த நாளுகளை எனக்குத் திருப்பித் தருவீங்களோ?"

தலை சாய்ந்தது. அந்த வாய் அறியாமலே திறந்தது.

"ஓம் அம்மா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அம்மா கதிரையை அவருக்குக் கிட்ட இழுத்தா.

"அதுக்கும் ஓமோ? அப்ப இதுக்கும் ஓம் சொல்லுங்கோ. இனி அந்தப் பிரசங்க மேடையில ஏறக்கூடாது. ஆருக்கும் ஜெபிக்கக்கூடாது. வேற ஏதும் வேலை செய்து சீவியுங்கோ."

"ஓம் அம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டுப் போனார். உண்மையிலேயே விட்டுவிடப்போகிறார் என்று அரை நிமிசம் நானும் நம்பினேன்.

அடுத்த ஞாயிறு அதே அங்கியோடு அதே மேடையில் நின்றார்.

அம்மா கோபப்படுவா, இனி அந்தப் பக்கம் போகமாட்டா என்று நினைத்தேன். அம்மா போனா. போய் முன் வாங்கில் இருந்தா. பாட்டுப் பாடவில்லை, ஜெபத்துக்குக் கண் மூடவில்லை, ஆமென் சொல்லவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தா. அதற்கு அடுத்த ஞாயிறும் போனா. அதற்கு அடுத்ததும். வலப்பக்கத்து ஆட்கள் அப்போது பிரிந்து போய், தொழிற்சாலைப் பகுதியில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். எங்களோடும் இருப்பேன் என்று எங்களுக்குச் சொன்ன போதகர், அவர்களோடும் இருப்பேன் என்று அவர்களுக்கும் சொல்லியிருந்தார். இங்கே முடித்துவிட்டு அங்கி கழற்றி அங்கே ஓடுவார். "என்னையும் அங்க கொண்டுபோய் விடு" என்றா அம்மா. ட்ரம்ஸ் சத்தம், கிட்டார்ச் சத்தம் என்றாலே தலையிடிக்கிறது என்பவ. அந்த மண்டபத்திலும் முன் கதிரையில் போய் இருந்தா. சுற்றிவரச் சனம் கையை உயர்த்திப் பாடும்போது மடியில் கையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தா.

வேறு யாரும் அவரிடம் எதையும் நினைவுபடுத்திக் கேட்பதில்லை. ஓம் வாங்கினவர்கள் எல்லாரும் ஓமோடு போய்விடுவார்கள். அம்மா மட்டும்தான் அதை நிறைவேற்றச் சொல்லித் திரும்பத் திரும்ப வந்தவ, அதுவும் ஒரு சொல் பேசாமல். முதலில் அவர் முன் வாங்கைப் பார்க்காமல் பிரசங்கம் செய்யப் பழகினார். பிறகு வசனம் பிழைக்கத் தொடங்கியது. ஒருநாள் ஆசீர்வாதம் சொல்லுகிறபோது கை பாதியில் நின்றுவிட்டது, மூப்பர் ஒருவர் எழும்பி முடித்துவைத்தார். "அம்மாவைக் கொஞ்சம் பின்னுக்கு இருத்தலாமே" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னா. நீங்களே கேளுங்கோ என்றேன். யாரும் கேட்கவில்லை.

மாரி தொடங்க முந்தி, ஜுட்லாண்ட் பக்கத்தில் ஒரு ஊருக்குப் போகிறதாகச் சொன்னார். அங்கே ஊழியமா வேறு வேலையா என்று இரண்டு பக்கத்துக்கும் இரண்டு விதமாகச் சொன்னார் போலிருக்கிறது. எனக்கு இன்றைக்கும் தெரியாது. கடைசி ஆராதனை முடிந்து வாசலில் எல்லாரும் வரிசையாக நின்று, "போட்டு வாங்கோ போதகர்", "போட்டு வாங்கோ பாஸ்டர்" என்று, போய்விட்டு வரச் சொல்லிக் கை கொடுத்தார்கள். அழுதவர்களும் உண்டு. மனைவி அவருக்குப் பின்னால், எவருடைய முகத்தையும் பார்க்காமல் நின்றா.

அம்மா கடைசியாக வந்தா. அவர் இரண்டு கையையும் நீட்டினார். அம்மா தன் கையைக் கொடுக்கவில்லை.

"அம்மா, நான் போட்டு வாறன்" என்றார்.

எங்கள் சனம் எதிரிக்கும் சொல்லாத ஒரு சொல்லை அம்மா சொன்னா.

"போங்கோ."

"ஓம் அம்மா" என்றார் அவர்.

அம்மாவுக்குச் சொன்ன ஓம்களில் அந்த ஒன்றை மட்டும் அவர் காப்பாற்றினார்.